அடுத்த வாரம்

சிறைவாசல் வரிசையில் நின்று நின்று, இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் அவளுக்கு வலித்தது. சட்டக் கல்லூரி மாணவி அவள். தூக்குத் தண்டனைக் கைதிகளுக்காக வாதாடும் வக்கீலிடம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். அவரை ஏனென்று கேட்க வேறு நாதியில்லை.

"வா வக்கீலம்மா. ஏன் முகம் சுண்டிப்போய்க் கிடக்கு?"

"இடுப்பு ஒடியுதுண்ணே. இன்னிக்காவது அந்தத் தலைத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. உங்க கழுத்து தப்பணும்னா அது வேணும்."

வாராவாரம் "அடுத்த வாரம் சொல்றேன்" என்று மழுப்புகிறவர், அன்று சொல்லிவிட்டார். சின்ன வயதில் அப்பன் கடப்பாரையால் மண்டையில் அடித்தது, மாசக்கணக்கில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தது, எல்லாவற்றையும்.

மூளையில் அடிபட்டவரைத் தூக்கிலிடக் கூடாது என்று அதை வைத்து வக்கீல் வாதாடினார். தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

செய்தியோடு ஓடி வந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ அடுத்த வாரம் வரமாட்டே?"

"கேஸ்தான் முடிஞ்சிருச்சேண்ணே. இதை முதல் நாளே சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும். நீயும் அப்பவே போயிருப்பே."

"பின்னே ஏண்ணே சொன்னீங்க?"

"இடுப்பு ஒடியுதுன்னியே. மூட்டை தூக்குனவனுக்கு அது தெரியாதா?"

"கேஸ் இல்லாட்டியும் வருவேண்ணே. அடுத்த வாரமே வர்றேன்."

அவள் வக்கீலாகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவருக்குச் சொன்ன அந்த அடுத்த வாரம் இன்னும் பாக்கி நிற்கிறது.