முழங்கால் உயரம்

“அக்கா, இதை நாற்பதாவதா எழுதிடுங்களேன். கண்ணுக்கு நல்லாத்தானே தெரியுது?”

“கண்ணுக்குத் தெரிஞ்சா போதாது தம்பி, முழங்கால் உயரம் இருக்கணும்.” குனிந்து அளவுகோலைக் கன்றின் பக்கத்தில் ஊன்றினாள். மூன்று விரல் குறைந்தது.

நூறு கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்த காடு அது. முன்பு வெட்டியபோது, விதை உதிர்க்கட்டும் என்று பன்னிரண்டு தாய்மரங்களை மட்டும் விட்டிருந்தார்கள். நாற்பது கட்டங்களிலாவது தானாக முளைத்த கன்று முழங்கால் உயரம் வந்திருந்தால்தான் அந்தத் தாய்மரங்களில் கை வைக்கலாம். தாளில் இருவர் கையெழுத்தும் வேண்டும். இதுவரை முப்பத்தொன்பது. இது கடைசிக் கட்டம்.

“போன கட்டத்துல ஒண்ணு நெடுநெடுன்னு நின்னுச்சே?”

“அது கொடி. பக்கத்துச் செடியில சாஞ்சுக்கிட்டு நிக்குது.”

“உங்க கண்ணுல எதுவும் தப்பாதா?”

“தப்பியிருந்தா இந்தத் தொழில்ல இருபது வருஷம் நின்னிருப்பேனா?”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “மூணு விரல்தானே. ரெண்டு மழை பெஞ்சா வளந்துடும்.”

“வளரட்டும். அப்புறம் வந்து அளப்போம்.”

“அடுத்த அளவு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். இந்த வருஷமே வெட்டிடலாம்னு மேலே வாக்குக் கொடுத்துட்டேன். மில்லுல வேற அறுபது பேர் மரம் வரும்னு காத்திருக்காங்க. பாவம் இல்லையா?”

“பாவம்தான். அதுக்காக அளவுகோலைச் சின்னதாக்க முடியுமா?”

“கொஞ்சம்கூட இளக மாட்டீங்களே. உங்க வீட்டுல எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ.”

“அவங்களும் இதையேதான் கேக்குறாங்க.” சிரித்துக்கொண்டே முப்பத்தொன்பது என்று எழுதினாள். கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. “நல்லா யோசிச்சுட்டீங்களா? பன்னிரண்டும் ரெண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பருமன். இப்படி ஒரு சரக்கு சும்மா நிக்குது.”

“சும்மா நிக்கல. விதை போட்டுக்கிட்டு நிக்குது.”

வேறு வழியில்லாமல் அவரும் கையெழுத்துப் போட்டார். “சரி, மேலே கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

அவருடைய காக்கிச் சட்டையில் குத்தியிருந்த வனத்துறை வில்லையை அவள் ஒரு தரம் பார்த்தாள்.

“மில் முதலாளியம்மா ஒத்துக்கலைன்னு சொல்லுங்க தம்பி. அத்தனையையும் நானே அறுத்துத் தள்ளிட்டா, முப்பது வருஷம் கழிச்சு அந்த மில்லுல என் பொண்ணு எதை அறுப்பா?”