ஏறிய ஐம்பத்தைந்து லட்சம்

"நஷ்டம்தாம்ப்பா. ஆனா பேங்க்ல போன வருஷத்தவிட அம்பத்தஞ்சு லட்சம் ஏறியிருக்கு," என்றாள் சுகிர்தா.

அந்தோணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கும்மிடிப்பூண்டி இரும்பு வார்ப்புக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் உழைத்தவர். நூற்றெண்பது பேருக்குச் சங்கத் தலைவர். "கம்பெனி தள்ளாடுது அந்தோணி. இந்த வருஷம் போனஸ் வேணாம்னு நீதான் உன் ஆளுங்களுக்குச் சொல்லணும்" என்று முதலாளி அவர் கையைப் பிடித்துக் கண் கலங்கியிருந்தார்.

இவரும் நாளைக் காலை கேட் மீட்டிங்கில் பேசுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். "தலைவரு வெல போயிட்டாரு" என்று டீக்கடையில் சங்கத்து ஆள் சாம்சன் சொன்னது மட்டும் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது.

நஷ்டத்துக்குச் சாட்சியாக முதலாளி கொடுத்த ஆண்டறிக்கைதான் இப்போது மகள் மடியில் இருந்தது. சின்னக் கம்பெனி என்பதால், பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற கணக்கு அதில் தனியாக இல்லை. பி.காம். படிக்கும் சுகிர்தா அதைத் தானே போட்டுப் பார்த்தாள்.

"நஷ்டம்னா பணம் எப்டி பாப்பா ஏறும்?"

"நஷ்டம் நாப்பது லட்சம். அதுல இருபத்தஞ்சு மெஷின் தேய்மானம், வெறும் எழுத்து. நெஜமா போனது பதினஞ்சுதான். கடன் வாங்கல, எடம் விக்கல. அந்தப் பதினஞ்சும் போயி அம்பத்தஞ்சு ஏறணும்னா, எழுபது லட்சம் எங்கிருந்தோ வந்திருக்கணும்."

"எங்கேர்ந்து?"

"யாருக்கோ குடுக்க வேண்டியதைக் குடுக்காம வச்சிருக்காங்க. இரும்பு சப்ளையருக்கா?"

"அவன் பணத்த வாங்கிக்கினுதான் லோடே எறக்குவான்."

"கரண்ட் பில்லு?"

"கட்டலன்னா ஃபியூஸப் புடுங்கிடுவான்."

"உங்க சம்பளம்?"

"அதெல்லாம் புடித்தம் போக ஒண்ணாந்தேதி டாண்ணு ஏறிடுது. மொதலாளி அதுல சுத்தம்."

அந்தோணிக்குச் சிரிப்பு வந்தது. "எவனோ ஒரு இளிச்சவாயன் மாட்டிக்கினான். அவன் தலைல மொளகா அரைச்சு நம்ம நூத்தியெம்பது ஊட்டுலயும் ஒலை கொதிக்க வைக்கிறாரு. கெட்டிக்காரரு."

கையோடு சாம்சனுக்குப் போன் போட்டார். பேச்சில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

"இன்னாடா சொன்ன, வெல போயிட்டனா? கம்பெனி நிக்கும்டா, கணக்கே சொல்லுது. மொதலாளி நம்மளக் கைவிட மாட்டாரு. நாளைக்கி மொதல் ஆளா நீ கை தூக்கற."

சுகிர்தா கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துக் குறிப்புகளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அதை மறுபடியும் படித்தாள்.

"போனை வைப்பா."

"இரு பாப்பா, பேசிக்கினு இருக்கேன்ல. இன்னா?"

"பதினோரு மாசமா உங்க பி.எஃப். பணத்தைக் கட்டலப்பா."