மீசை வைத்த முகம்

நெற்றியிலிருந்த காசை முதலில் எடுத்தான்.

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, படத்தில் நல்ல தோல் தெரியும் இடத்தில் ஒரு கிளிக். பிறகு காசின் மேல் மெதுவாகத் தேய்க்க வேண்டும். யூடியூபில் பாடம் நடத்தியவன் அப்படித்தான் சொன்னான்.

"பயப்படாதீங்க நண்பர்களே. தப்பாப் போச்சுன்னா கன்ட்ரோல் இசட். எல்லாம் பழையபடி ஆயிரும்."

மூன்று நாளாக அதே பாடத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்து, மூக்கிலிருந்த பஞ்சு.

பிறகு, தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. துணியை எடுத்தால் அடியில் ஒன்றுமில்லை. கன்னத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிரப்பினான்.

நாளை பதினாறாம் நாள். தம்பி சோலைக்கு ஒரு படம் வேண்டும்.

வீட்டிலிருந்த எந்தப் படத்திலும் அவன் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அந்த வருடம்தான் வீட்டைவிட்டு ஓடிப்போனான். ஆதாரிலும் பள்ளிக்கூடச் சட்டை. அவனுடைய போனும் அவனோடு லாரிக்கு அடியில் போய்விட்டது.

"மீசை வெச்ச மொகம் வேணும்ப்பா" என்றாள் அம்மா.

அந்த முகத்தை அவள் ஒரே ஒரு நாள்தான் பார்த்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக.

அன்று உறவினர் ஒருவர் எடுத்த படம்தான் இது. ஸ்டுடியோவில் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார்கள். அம்மா விடவில்லை.

"ஒந்தம்பி மொகத்த இன்னொருத்தனா தொடைக்கணும்?"

கண்கள் மட்டும் பாக்கி.

அவை மூடியிருந்தன.

தன் அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் திறந்தான். சிறுவயதில் இருவரையும் ஒரே அச்சு என்பார்கள். தன் கண்களை வெட்டி எடுத்தான். தம்பி முகத்தின் மேல் புது லேயரில் வைத்தான். அளவைக் குறைத்தான். ஓரங்களை மென்மையாக்கினான்.

பொருந்திவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டான்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்தாள். திரையில் மீசையைத் தொட்டாள். விரல் மேலே ஏறி, நின்றது.

"சோலை இப்பிடிப் பாக்க மாட்டானே."

இன்னும் கிட்டே குனிந்தாள்.

"யாரு மேல இம்புட்டுக் கோவம் இவனுக்கு?"

"அது என் கண்ணும்மா."

அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். மேசையிலிருந்த அவன் போனை எடுத்தாள்.

"எந்திரி. சன்னல் பக்கம் வா."

வெளிச்சத்தில் நிறுத்தினாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி வந்துருக்கான்னு நெனச்சுக்க. அவனப் பாரு."

தம்பி வந்திருந்தான்.

நான்கு வருடத்துக்கு முன்பு. அப்பாவை எரித்த மறுநாள், மத்தியானம். அம்மா உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் தம்பியை வாசலோடு திருப்பி அனுப்பினான். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அன்று சோலை மீசை வைத்திருந்தான்.

இப்போது, சன்னலோரத்தில், அவனைப் பார்த்தான்.

அம்மா படத்தை எடுக்கவில்லை. போனை இறக்கவும் இல்லை.

"இன்னுங் கொஞ்சம் பாரு" என்றாள்.