கிரீம் ஒட்டிய கைதட்டல்

தையல் ஆலையின் சாப்பாட்டு அறையில் எச்சில் வாடை இன்னும் போகவில்லை. திரையில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. அவர்கள் தலைக்கு மேல் ‘உங்கள் நலனே எங்கள் நலன்’. மனிதவள அதிகாரி தேன் ஒழுகும் குரலில் சலுகைகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். புகைப்படக்காரர் விரலைத் தூக்கும்போதெல்லாம் நாங்கள் கைதட்ட வேண்டும். ஆளுக்கொரு துண்டு கேக், தட்டுகூட இல்லாமல் உள்ளங்கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். கிரீம் உருகி விரலிடுக்கில் இறங்குகிறது. “பெத்தவங்க கண் ஆபரேஷனும் இதுல அடக்கம். மூணு வருஷமா இருக்கற திட்டம்” என்கிறார் அதிகாரி. எனக்குப் பக்கத்தில் பட்டன் தைக்கும் அக்கா எழுந்து நிற்கிறாள். வசதியில்லாமல் ஆபரேஷனைத் தள்ளித் தள்ளிப் போட்டு, போன வருடம்தான் அவள் அம்மாவுக்கு ஒரு கண் அவிந்துபோனது. “மூணு வருஷமாவா சார்? எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே?” “எல்லாருக்கும் மெயில் போட்டோமேம்மா.” “மெஷின்ல உக்காந்திருக்கறவளுக்கு மெயில் ஏது சார்?” அவர் முகம் மலர்ந்துபோகிறது. “பாத்தீங்களா, அதுக்குத்தான் இந்த மீட்டிங்கே! கேள்வி கேட்ட அக்காவுக்கு எல்லாரும் பலமா ஒரு கைதட்டல் குடுங்க!” புகைப்படக்காரரின் விரல் உயர்கிறது. அக்கா உட்காரவில்லை, வாய் திறந்தபடி நிற்கிறாள். ஆனாலும் கேக்கை மடியில் போட்டுவிட்டு, என் இரண்டு கைகளும் பிசுபிசுவென்று தட்டிக்கொண்டிருக்கின்றன.