வெளியே கொண்டு போகக்கூடாத தொகுதி

எங்கள் ஊர் நூலகத்தில் உசாத்துணை நூல்களை வெளியே கொண்டு போகக்கூடாது. குண்டு விழுகிற காலத்திலும் அந்தச் சட்டம் மாறவில்லை. மின்சாரம் இல்லாததால் போட்டோக்கொப்பியும் இல்லை. 1995 புரட்டாதியில் இரசாயன ஆசிரியர் யோகநாதன், மாணவர்களுக்காகக் கலைக்களஞ்சியத்தின் முதலாம் தொகுதியைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

பொம்பர் விமானம் வந்தது. எல்லோரும் முற்றத்தில் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினார்கள். அவர் தொகுதியோடு ஓடினார்.

"சேர், அதை வெளியில கொண்டு போகேலாது!" என்று வாசலில் நின்று கத்தினாள் நூலகர் தாட்சாயினி.

பங்கர்ப் படியில் கால் வைத்தவர் திரும்பி வந்தார். குண்டு முற்றத்தில் விழுந்தது. கூரையிலிருந்தும் மாமரத்திலிருந்தும் அவரைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். தொகுதியும், அதைப் பிடித்திருந்த வலது கையும் கிடைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் கிடந்து தப்பிய தாட்சாயினி, உள்ளே இருந்து வாசிக்க எடுப்பவர்கள் கையொப்பமிடும் பதிவேட்டில், அவர் பெயருக்கு நேரே 'திருப்பியது' என்ற இடத்தை வெறுமையாக விட்டாள்.

அவர் செத்த முப்பத்தோராம் நாள் காலை முதலாம் தொகுதி புத்தகத் தட்டில் இருந்தது. வெறுமையான இடத்தில் யோகநாதனின் கையொப்பம் இருந்தது. அதன் கீழே, அதே எழுத்தில், இரண்டாம் தொகுதி பதியப்பட்டிருந்தது. தட்டில் அது இல்லை.

இரணைமடுப் பக்கம் பொம்பர் இரைந்தது. வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். தாட்சாயினி அவருடைய வெறுங்கதிரையைப் பார்த்துக் கத்தினாள்.

"புத்தகத்தோடயே ஓடுங்கோ, சேர்!"

அவள் பங்கருக்குள் இறங்கியபோது இரண்டாம் தொகுதி படியில் இருந்தது. அட்டையில் ஒரு வலது கையின் ஐந்து விரல்களும் ஈரமாகப் பதிந்திருந்தன.