நெற்றி வரை வந்த மாப்பிள்ளை

“இன்னும் வரல்லையா மனே?”

“நெத்தி வந்திரிக்கு அன்ரி. மிச்சம் மெல்ல வரும்” என்றான் அல்பேட்.

மார்கிறட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினித் திரையை உற்றுப் பார்த்தாள். சுவிசிலிருந்து அவளுடைய தம்பி மின்னஞ்சலில் அனுப்பிய படம் மேலிருந்து கீழாக, நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் படமாம். பக்கத்துக் கதிரையில் மகள் ஜோசப்பின் தலையைக் குனிந்தபடி கைலேஞ்சித் துணியைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது அல்பேட்டின் இன்டர்நெட் கடை. மூன்று கணினிகளுக்கும் ஒரேயொரு டெலிபோன் வயர்தான். “ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிப்போட்டு, போய்ச் சோறு தின்னுபோட்டு வரலாம்” என்று ஊரே அவனை நக்கலடிக்கும். வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டே அவனுக்கு வாய் வலித்துவிடும். இன்றைக்குத்தான் முதல் தடவையாக, அந்த ஆமை வேகத்துக்காக அந்தோனியாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னான்.

டைப்பிங் பழக வந்த ஜோசப்பினோடு பழகி ஒரு வருடமாகிறது. கடைக்கு இன்னுமொரு வயர் எடுத்ததும் வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் சுவிஸ் முந்திவிட்டது.

“ஏன் மனே இவ்வளவு சுணங்குது?”

“படம் பெருசு அன்ரி. வயரோ சின்னன்.”

இரண்டாவது கணினியில் இருந்த அப்துல் மஜீத் திரும்பினார். காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருப்பவர். புதுப் படத்தில் கதாநாயகி கட்டிய சேலையின் கரையைப் பார்க்க வந்திருந்தார்.

“அதில்ல தங்கச்சி. இந்த சினிமாப் பக்கம் செய்யிறவனுகளுக்குப் புத்தியில்ல. நான் கேட்டது ஒரு சேலை. அவன் மின்னுற நட்சத்திரம், ஓடுற எழுத்து, பாட்டு எல்லாத்தையும் சேத்து அனுப்புறான். சேலை வரக்குள்ள பெஷன் மாறிப்போகும்!”

மார்கிறட் சிரித்தாள். பிறகு அல்பேட்டின் பக்கம் திரும்பினாள்.

“நீயும் வெளியால போகலாமே? நாடு கிடக்கிற கிடையில இளந்தாரி எல்லாம் போறானுகள்.”

“அம்மா தனிய அன்ரி. அதோட, இஞ்ச வாற தாய்மார் வெளிநாட்டில இருக்கிற பிள்ளைகளோட கதைச்சுப்போட்டு, மெசினையே தடவிப்போட்டுத்தான் போவாங்க. நான் பூட்டினா அவங்க எங்க போற?”

“குடி கிடி?”

“ஐயோ, இல்ல அன்ரி.”

“சமைப்பியா?”

“மீன் ஆணம் வைப்பன். சொதி மட்டும் திரைஞ்சு போகும்.”

மாப்பிள்ளை படம் பார்க்க வந்த இடத்தில் இந்த மனுசிக்கு எத்தனை கேள்வி என்று அல்பேட் நொந்துகொண்டான். திரையில் நெற்றி இன்னும் நீண்டுகொண்டே போனது. மயிரைக் காணோம். அவனுக்கு உள்ளூர ஒரு சின்னச் சந்தோசம்.

புருவத்துக்கு வந்ததும் படம் நின்றுவிட்டது.

ஜோசப்பின் முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மேசைக்குக் கீழே, அவன் காலடியில்தான் வயர் கிடந்தது. கால் பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ‘லைன் செத்துப்போச்சு அன்ரி’ என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

தன்னை நம்பி வந்த மனுசியின் முகத்தைப் பார்த்தான். காலை இழுத்துக்கொண்டான்.

“மஜீத் நானா, கோவிக்காம உங்கட சேலையைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. அன்ரிட படம் வரட்டும்.”

“கலியாண விசயம்தானே தம்பி, நிப்பாட்டு” என்று அவர் எழுந்து வெளியே போனார்.

படம் அசைந்தது. புருவம் வந்தது, கண் வந்தது. ஜோசப்பினின் கண்ணில் நீர் முட்டியது. “நீங்களே அவசரப்படுத்திறீங்களா?” என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. அல்பேட் சுவரைப் பார்த்தான்.

மூக்கின் நுனி தெரியத் தொடங்கியபோது, டக்கென்று கரண்ட் போனது. திரை இருண்டது.

மார்கிறட் சாவதானமாக எழுந்து பையை எடுத்தாள்.

“வா புள்ள, செக்பொயின்ற்ல சனம் கூடமுன்னம் நாவற்குடா வீட்டுக்குப் போய்ச் சேருவம்.”

“கொஞ்சம் இருங்க அன்ரி” என்றான் அல்பேட். “கரண்ட் வந்ததும் முழுசா எடுத்து, நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தாறன். ஆனா அதுக்கு முன்னம் நான் உங்களிட்ட ஒண்டு சொல்ல…”

“என்னத்தச் சொல்லப்போறாய்? ஒரு வருசமா டைப்பிங் பழகுறவள், இன்னும் ஒரு விரலாலதான் அடிக்கிறாள். எனக்கு விளங்காதா?”

ஜோசப்பின் கைலேஞ்சியைக் கீழே போட்டுவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிய, கொம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்ட வா” என்றாள் மார்கிறட்.

“அப்ப… இந்தச் சுவிஸ் மாப்பிள்ளை?”

“எந்த மாப்பிள்ளை? அந்த மொட்டந்தலை என்ர தம்பி யோசேப்பு மனே. ‘படம் இறக்கிறவனை நான் ஆறுதலா இருந்து கதைச்சுப் பாக்கவேணும்டா, ஏலுமான அளவு பெரிய படமா அனுப்பு’ எண்டு நான்தான் அவனிட்டச் சொன்னனான்.”