அட்டையில் ஒரு முகம்

"இந்தப் பொண்ணு மாதிரி முகமெல்லாம் அம்மை போட்ட யாரையாச்சும் பாத்தியாம்மா?"

காலையிலிருந்து நெமிலிச்சேரியில் நாற்பத்தொரு வீடுகளில் கேட்டதை ஹெல்த் இன்ஸ்பெக்டர் ரகுநாதன் அடுத்த வீட்டிலும் கேட்டார். கையில் இலாகா கொடுத்த அட்டை. அதில் மூக்குத்தி போட்ட ஒரு குழந்தையின் புகைப்படம். முகத்தில் ஊசி குத்த இடமில்லாமல் பெரியம்மை முத்துகள்.

பட்டாபிராமில், நெமிலிச்சேரிக்கு வேலைக்கு வந்துபோன அய்யாசாமி என்ற தொழிலாளி பெரியம்மை கண்டு கிடந்தார். அவருக்கு யாரிடமிருந்து ஒட்டியது என்று இன்றைக்கே கண்டுபிடித்து, அந்த வீட்டைச் சுற்றி எல்லோருக்கும் அம்மைத் தடுப்பூசி குத்தியாக வேண்டும். தவறினால் இன்னும் பத்து வீட்டில் பாடை கட்டுவார்கள். இது தெரிந்தும் ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த வீட்டுக் கன்னியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பாத்துகீறேன் சார்."

ரகுநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக நோட்டைப் பிரித்தார். "யாருக்கு?"

"எம் புள்ளைக்கு. குப்பன்னு பேரு. அஞ்சு வயசு."

"ஜுரம் எப்ப வந்துச்சு?"

"ஆடி மொத வெள்ளிக்கெழம. கோயில்ல கூழு ஊத்துன அன்னிக்கு."

ரகுநாதன் விரல் விட்டு எண்ணினார். மூன்று வாரம். அய்யாசாமியின் கணக்கோடு அப்படியே பொருந்தியது.

"பக்கத்துல யாரு படுத்தாங்க? யாரு தூக்குனாங்க?"

"நான்தான். அவனுக்கு வேற யாரு கீறாங்க?"

அவள் முகத்திலும் பழைய அம்மைத் தழும்புகள் இருந்தன. அதனால்தான் தப்பித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வாசல் நிலையில் செருகிய வேப்பிலை சருகாகித் தொங்கியது.

"இதை ஏன் இன்னும் எடுக்கல?"

"புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தலியே சார். ஊத்தாம எப்டி எடுக்கறது?"

அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வேப்பிலையை எடுப்பார்கள். அப்படியானால் பையனுக்கு இன்னும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பயந்து உள்ளே ஒளித்து வைத்திருக்கிறாள். இப்படி எத்தனை தாய்மார்களை அவர் பார்த்திருக்கிறார்!

செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். ஒரே அறை. விரித்த பாய், அதன்மேல் மடித்து வைத்த சின்ன அரைக்கால் சட்டை. வேறு யாரும் இல்லை.

"பையனை எங்கம்மா மறைச்சு வச்சிருக்கே? பயப்படாதே. நாங்க நல்லபடியா பாத்து, திருப்பிக் கொண்டாந்து விட்ருவோம்."

"இத்தையேதான் சார் சொன்னாங்க, உங்க ஜீப்புல ஏத்திகினு போனப்ப. என்னிய ஏத்திக்கல. நாலு வருசம் ஆவுது."

ரகுநாதனின் பேனா நின்றது. "ஆஸ்பத்திரியில போய்க் கேட்டியா?"

"நடையா நடந்தேன். குப்பன்னு ஒரு பையனே வரலன்னுட்டாங்க. அன்னிக்கு வந்ததெல்லாம் பொம்பளப் புள்ளைங்கதானாம்."

அவர் அட்டைக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. படத்திலிருந்த மூக்குத்தியை ஒரு விரலால் மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

"மொத மூணும் தங்கல சார். நாலாவத குப்பையில பொரட்டி எடுத்து, எமன் கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் மூக்கு குத்தி வுட்டேன்."

ரகுநாதன் அந்த முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். கன்னியம்மா அட்டையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"சொல்லு சார், இவன் இப்ப எங்க கீறான்?"